தூரிகைப் பக்கம்: இடிபாடுகளுக்கு நடுவே ஒரு மாட்டுச் சந்தை

கே: ஆயில் பெயின்டிங் புதிதாகக் கற்கிறேன். ரோம் நகரின் பழைய மன்றம் மாட்டுச் சந்தையாக இருந்த காலத்தை கிளாட் லொரேன் 1636-இல் வரைந்த ‘காம்போ வச்சீனோ’வைப் பார்த்து வரைகிறேன். தூண்கள் ஓரளவு வந்துவிட்டன. ஆட்களும் மாடுகளும் மட்டும் வெட்டி ஒட்டிய மாதிரி நிற்கிறார்கள். ஏன்?
– வாசகி, கும்பகோணம்

ப: ஆட்களை முந்தி வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வானம், தொலைவில் கொலோசியம், இடப்பக்கம் ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு, வெறுந்தரை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் சந்தை கூட வேண்டும். ஈரத் தரைமேல் ஆளை வைத்தால் வண்ணம் கலந்து சேறாகும். அதற்குப் பயந்து சுற்றிலும் கோடு கட்டினால் ஒட்டுப்படம்தான்.

உயரத்தைக் கண்ணளவில் போடாதீர்கள். சமதரையில் முன்னே நிற்பவர் 2 அங்குலம், அவர் காலிலிருந்து அடிவானக் கோடு 4 அங்குலம் என்று வையுங்கள். விகிதம் பாதி. அடிவானத்துக்கு ஓர் அங்குலம் கீழே கால் ஊன்றியவர் அரை அங்குலம்தான் இருக்க முடியும். மேட்டில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

ஒவ்வொரு ஆளாகப் போடாமல் நாலைந்து பேரை ஒரே கருந்திட்டாக, பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரீனும் (அடர்நீலம்) கலந்து, 2-ஆம் எண் உருண்டைத் தூரிகையால் வையுங்கள். அதன்மேல் துணியின் நடுத்தர நிறம். கடைசியாக வெளிச்சம் படும் பக்கத்தில் தலைக்கு ஒரு தொடல், தோளுக்கு ஒன்று, போதும். மாட்டுக்கு முதுகுக் கோட்டில் வெளிச்சம், வயிற்றடியில் இருட்டு. கண், மூக்கு வேண்டவே வேண்டாம். தரையில் விழும் நிழல் காலோடு ஒட்டியிருக்கட்டும். விலகினால் ஆள் மிதப்பார். சிவப்புத் துணியை இரண்டு மூன்று பேருக்கு மேல் கொடுத்தால் கண் எங்கும் தங்காது.

தூரத்து ஆட்களின் கருமையில் வான நிறம் கொஞ்சம் சேருங்கள். முன்னால் போட்ட அதே கருப்பைக் கொலோசியத்துக்கு அருகிலும் போட்டால் அது பாய்ந்து முன்னே வரும்.

மூல ஓவியம் ஏறத்தாழ 56க்கு 72 செ.மீ., அதாவது 7க்கு 9. எனவே 14க்கு 18 அங்குல கேன்வாஸில் 2 அங்குலக் கட்டம் போட்டால் 63 கட்டங்கள் சரியாக உட்காரும். 12க்கு 16 வாங்கினால் ஓரத்தை வெட்ட வேண்டிவரும். கட்டத்தைக் கரியால் போடுங்கள். பென்சில் கோடு பின்னாளில் வண்ணத்தின் ஊடே தெரியும். இன்னொன்று: கி.பி. 203-இல் எழுப்பிய அந்த செவரஸ் வளைவு கிளாட் காலத்தில் பாதி மண்ணுக்குள் இருந்தது. இன்றைய புகைப்படத்தைப் பார்த்து ‘திருத்தி’விடாதீர்கள்.

கே: இருண்ட பகுதிகள் காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி மங்குகின்றன. ஓரிடத்தில் வெடிப்பும் வந்திருக்கிறது.
– வாசகர், திருச்சி

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு. மங்கல், மேல்பூச்சின் எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சியதால் வருவது. நன்றாகக் காய்ந்ததும் லின்சீட் ஆயிலையும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனையும் சமமாகக் கலந்து, மங்கிய இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள், நிறம் மீளும்.

வெடிப்புக்குக் காரணம் வரிசை. ஆயில் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு இறுகுமுன் மேலே எண்ணெய் குறைந்த பூச்சு வந்தால் மேல்தோல் முதலில் விறைக்கும், பிறகு கிழியும். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், இரண்டாவதற்கு இரண்டு பங்கு டர்பன்டைன், ஒரு பங்கு லின்சீட், மூன்றாவதற்குச் சமபங்கு. அடிப்பூச்சுக்கு அம்பர் நல்லது. அதிலுள்ள மாங்கனீசு சீக்கிரம் காய வைக்கும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறியாதீர்கள், தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

கே: கிளாட் லொரேன் ஓவியத்தைப் பார்த்து வரைந்த நகலில் என் கையெழுத்தைப் போடலாமா?
– வாசகர், மதுரை

ப: போடலாம். கிளாட் 1682-இல் இறந்தவர். பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் பின்பக்கம் ‘கிளாட் லொரேனைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதுங்கள். மூல ஓவியம் இருக்கும் பாரிஸ் லூவரில் அமர்ந்து நகலெடுப்பவர்கள்கூட மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பது விதி.