ஒரு படத்தின் விமர்சன வரவேற்பு காலப்போக்கில் மாறுமா?

விமர்சன வரவேற்பு என்றால், விமர்சகர்கள் ஒரு படத்தை மொத்தத்தில் எப்படி எடைபோட்டார்கள் என்பது. அது தாராளமாக மாறும்.

மனம் தடுமாறும் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய 'தி ஷைனிங்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் வந்தபோது மெதுவாக நகர்கிறது, அது எடுக்கப்பட்ட மூல நாவலை விட்டு விலகிவிட்டது என்று பலர் குறை சொன்னார்கள். மோசமான இயக்குநருக்கான ராஸி என்ற கேலி விருதின் பரிந்துரைப் பட்டியலில்கூட, இதை இயக்கிய ஸ்டான்லி குப்ரிக் பெயர் இருந்தது. அதே படம் 2018-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், அதாவது பாதுகாக்க வேண்டிய முக்கியமான படங்களின் பட்டியலில் சேர்ந்தது.

காரணம் பெரும்பாலும் எதிர்பார்ப்புதான். எங்கள் வேலூர்ப் பக்கம் வந்து முதல்முறை ஆம்பூர் பிரியாணி சாப்பிடுபவர், நீள அரிசியை எதிர்பார்த்திருந்தால் சீரகச் சம்பாவைப் பார்த்து முகம் சுளிப்பார். நாலு தடவை கத்திரிக்காய்த் தொக்கோடு சாப்பிட்ட பிறகு அவரே தேடி வருவார். பிரியாணி மாறவில்லை, நாக்கு பழகிவிட்டது. 'தி ஷைனிங்' போல மனத் தடுமாற்றத்தைக் காட்டும் படங்களில் எது நிஜம், எது மனப்பிரமை என்று உடைத்துச் சொல்லமாட்டார்கள். முதல் தடவை அது எரிச்சல், மறுபடி பார்க்கும்போது அதுதான் ருசி. எனக்கும் இரண்டாம் முறைதான் பிடித்தது.

அப்புறம், விமர்சனமும் வசூலும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 'தி ஷைனிங்' திட்டு வாங்கிய அதே ஆண்டில் தியேட்டர்களில் நன்றாகவே ஓடியது.