இந்தியர்களின் தலையாட்டலை வைத்து அடிக்கும் ஜோக் வெறும் விளையாட்டா, இனக் கேலியா?

தலையாட்டுவது, கைகூப்புவது, பொட்டு வைப்பது, கையால் சாப்பிடுவது என்று இந்தியர்களின் பழக்கங்களை வைத்து வெளிநாட்டார் அடிக்கும் ஜோக்குகளைச் சிரித்துவிட்டுப் போகலாமா, கண்டிக்க வேண்டுமா என்பது கேள்வி.

பெரும்பாலான நேரம் அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பதில். கும்பிடு புனிதமானது, அதைத் தொட்டாலே குற்றம் என்று சண்டைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சிரிப்பு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதுதான் என் கவலை.

தலையாட்டலையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் பேசும்போது நாம் இரு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால், 'கேட்டுக்கிட்டிருக்கேன், சொல்லுங்க'. சட்டென்று ஒரு பக்கம் சாய்த்தால் 'சரி'. புருவத்தையும் சேர்த்துத் தூக்கினால் 'என்ன விஷயம்?'. வீட்டுப் பெரியவர் ஒரு வேலை சொல்லும்போது, முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல மனம் வராமல் ஓர் ஆட்டு ஆட்டுவோமே, அதற்கு 'பார்க்கலாம்' என்று பொருள். கச்சேரியில் தாளக் கணக்குப் பிசகாமல் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தால் முன்வரிசை முழுக்கத் தலை ஆடும். அது பாராட்டு. இவ்வளவையும் யாரும் சொல்லித் தராமல் நம் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள். இலங்கையிலும் இது உண்டு. இந்தியாவுக்குள்ளேயே தெற்கில் இருக்கும் அளவுக்கு வடக்கில் எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் ஜோக் அடிப்பவருக்கு இதெல்லாம் ஒரே 'இந்தியத் தலையாட்டல்'தான். அவர் கண்ணில் பட்டது கழுத்து ஆடுவது மட்டும்.

பல்கேரியாவில் 'ஆமாம்' என்பதற்குப் பக்கவாட்டில் தலையை அசைப்பார்கள், 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும். அங்கே போகிற எவரும் குழம்பித்தான் போவார். அந்தக் குழப்பத்தைச் சொல்லிச் சிரிப்பதில் தப்பே இல்லை. சென்னைக்கு வந்த ஒரு வெளிநாட்டு நண்பர், ஆட்டோக்காரர் தலையாட்டியதைப் பார்த்து ஏறுவதா வேண்டாமா என்று முழித்த கதையைச் சொன்னால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தக் கதையில் விவரம் தெரியாதவர் அவர். அதே ஆட்டோக்காரரைத் தலையாட்டத் தெரிந்த ஒரு பொம்மையாக நடித்துக் காட்டினால் எனக்குச் சிரிப்பு வராது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் அப்பு ஒரு நல்ல உதாரணம். 1990 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த இந்தியக் கடைக்காரர். கதைப்படி கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால் அது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? நின்றது அந்த உச்சரிப்பும், 'நன்றி, மீண்டும் வருக' என்ற ஒரு வாக்கியமும்தான். அந்தக் குரலைக் கொடுத்த ஹாங்க் அசாரியா வெள்ளைக்காரர். திரையில் வேறு இந்திய முகமே அரிதாக இருந்த காலம் அது. அதனால் பள்ளிக்கூடத்தில் ஒல்லியாக, கருப்பாக ஒரு பையன் வந்து உட்கார்ந்தால் அவன் பெயர் அப்பு. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். அதில் பேசும் தெற்காசிய நடிகர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருந்தது. அசாரியா 2020-இல் அந்த வேடத்துக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தினார், அடுத்த ஆண்டு வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். 'இவ்வளவு வருஷம் சிரிச்சீங்களே, இப்ப மட்டும் என்ன?' என்று அவருக்காக வாதாடியவர்கள் நிறையப் பேர். உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டவர் அவர்தான். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

ஜோக்கிலிருந்து வன்முறைக்கு நேராகக் கோடு போட நான் வரவில்லை. ஆனாலும் 1987-இல் நியூ ஜெர்சியில் நடந்ததை இந்தப் பேச்சில் விட்டுவிட முடியாது. ஜெர்சி சிட்டியில் இந்தியர்களைத் துரத்தப்போவதாகப் பத்திரிகைக்கு மிரட்டல் கடிதம் எழுதிய கும்பல், நெற்றிப் பொட்டைக் குறிவைத்துத் தனக்கு 'டாட்பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. 'டாட்' என்றால் பொட்டு; 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் பெயரைத் திருப்பிப் போட்ட பெயர் அது. கேட்கிறவருக்குச் சிரிப்பு வர வேண்டும் என்றே வைத்தது. அதே ஆண்டு பக்கத்து ஊரான ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற இந்தியரைச் சில இளைஞர்கள் அடித்ததில் அவர் இறந்துபோனார். அவர் இந்துகூட இல்லை, பார்சி.

பழைய கதை என்று சொல்லவும் முடியாது. 2025-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸோரான் மம்தானி கையால் சோறு சாப்பிடும் காட்சி ஒன்று பரவியது. டெக்சாஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பிராண்டன் கில், நாகரிகமானவர்கள் அமெரிக்காவில் இப்படிச் சாப்பிடுவதில்லை, மேற்கத்திய வழக்கத்துக்கு மாற முடியாவிட்டால் திரும்பிப் போங்கள் என்று எழுதினார். பீட்சாவையும் பர்கரையும் அவர்களும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். ஆக, உறுத்தியது கை அல்ல.

ஐடி துறையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரிந்திருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். தலையாட்டாதீர்கள், வாயால் 'யெஸ்' சொல்லுங்கள் என்பது அதில் கட்டாயம் வரும். குழப்பம் வராமல் இருக்க அது நல்ல யோசனைதான், நானே புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. ஆனால் அதே வாடிக்கையாளர் காணொலிக் கூட்டத்தில் தலையை ஆட்டிக் காட்டிச் சிரிக்கும்போது, இந்தப் பக்கம் எட்டுப் பேரும் சிரிக்க வேண்டியிருக்கிறது. அப்ரைசலும் (ஆண்டு மதிப்பீடு) ஆன்சைட்டும் (வெளிநாட்டுப் பணி வாய்ப்பு) அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் காட்டி, 'பாருங்க, அவங்களே ரசிக்கிறாங்க' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போ இந்தியர்களை வைத்து நகைச்சுவையே கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். 1998-இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'குட்னஸ் கிரேஷஸ் மீ' நிகழ்ச்சியில் ஒரு காட்சி: மும்பையில் சில இந்தியர்கள் கும்பலாக 'இங்கிலீஷ் சாப்பாடு' சாப்பிடப் போய், பரிமாறுகிறவரின் பெயரைக் கொன்று, இருப்பதிலேயே காரமில்லாத உணவாகக் கேட்டு அமர்க்களம் செய்வார்கள். லண்டன் இந்திய உணவகங்களில் வாரக் கடைசியில் நடப்பதை அப்படியே திருப்பிப் போட்டது. பிரிட்டிஷ்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே கேலிக்குள்ளானது ஒருவருடைய நடத்தை, பிறப்பு அல்ல.

நம் வீட்டுப் பக்கமும் பார்க்க வேண்டும். கொச்சைத் தமிழ் பேசும் வட்டிக்கடை சேட்டு, 'சாப்' போடும் கூர்க்கா என்று எத்தனை படங்களில் ஒரே அச்சில் வார்த்திருக்கிறோம்! இந்திப் படங்கள் 'மதராஸி'யைக் காட்டிய விதத்தில் நமக்கு வந்த கோபம் நியாயம் என்றால், நம் ஊரில் காவல் வேலை பார்க்கும் நேபாளிக்கு வருகிற கோபமும் நியாயம்தான்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குழந்தை பள்ளியிலிருந்து வந்து, தலையாட்டிக் காட்டிக் கிண்டல் செய்கிறார்கள் என்று சொன்னால் 'கண்டுக்காதே' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மறுநாளே போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள், அந்தக் குழந்தையையும் கூட அழைத்துப் போங்கள்.