திறந்து பார்க்கும் அட்டைப் புத்தகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மடிப்பைத் தூக்கினால் அடியில் ஒளிந்த படம் தெரியும் இந்தப் புத்தகங்களை எந்த வயதில் தொடங்கலாம்?

பதில்: மறைத்த பொருளைக் குழந்தை தேடத் தொடங்குவது ஏறத்தாழ 8 மாதத்தில் என்று குழந்தை உளவியலாளர் பியாஜே எழுதினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பற்றும் திறன் 9, 10 மாத அளவில் வருகிறது. அதற்கு முன் நீங்கள் திறந்து காட்டுங்கள். அதன் பின் அவர்கள் கிழிக்கட்டும்.

கேள்வி: மடிப்பு கிழிந்துவிட்டது. செலோடேப் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். டேப்பின் ஓரம் சில நாளில் தூக்கிக்கொள்ளும். குழந்தை அதை உரித்து வாயில் போடும். மடிப்புள்ள பக்கம் இரண்டு தாள்களால் ஆனது. மேல்தாளில் மூன்று புறம் வெட்டி, மடிப்பு நீங்கலான இடத்தை மட்டும் அடித்தாளோடு ஒட்டுகிறார்கள். ஆகவே இழுவை முழுவதும் நான்காம் புறத்தின் மடிகோட்டில் விழுகிறது. தாளின் இழை, அதாவது அதன் நார்கள் படிந்திருக்கும் திசை, அக்கோட்டுக்குக் குறுக்கே ஓடினால் விரைவில் வெடிக்கும். பைண்டிங் கடையில் கிடைக்கும் மல் என்ற மெல்லிய துணியில் விரல் அகலத் துண்டு வெட்டி, மடிகோட்டின் உட்புறம் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டி, இடையே மெழுகுத்தாள் வைத்து, இரவு முழுவதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள்.

கேள்வி: அகலமான டேப் என்றால்?

பதில்: அகலமானதும் டேப்தான்.

கேள்வி: இவையெல்லாம் விளையாட்டுச் சாமான்கள், படிப்பைக் கெடுக்கின்றன என்று ஆய்வே இருக்கிறதே?

பதில்: ஜூடி டிலோச் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறீர்கள். இழுக்கவும் தூக்கவும் பாகங்கள் உள்ள புத்தகத்தைக் காட்டிலும் அவை இல்லாத புத்தகத்திலிருந்தே சிறுவர்கள் புதியவற்றை நன்கு கற்றார்கள் என்பது அதன் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அளக்கப்பட்டது பெயரையும் செய்தியையும் கற்பது. 1980இல் வந்த எரிக் ஹில்லின் ஸ்பாட் புத்தகத்தில் தாய் நாய் குட்டியைத் தேடுகிறது. மடிப்பைத் திறக்கத் திறக்க அடியில் வேறு விலங்குகள் இருந்து "இல்லை" என்கின்றன. அங்கே மடிப்பு அலங்காரமன்று, கதையே அதுதான். கேள்வி இல்லாத மடிப்புகளை நானும் வாங்கமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் சொற்களைக் கற்பிக்கச் சாதாரணப் படப்புத்தகமே மேல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

பதில்: சொற்களுக்கு, ஆம். ஆனால் ஒரு வயதுக் குழந்தைக்குப் புத்தகத்தில் முதற்பயன் சொற்பட்டியல் என்பதை ஒப்பமாட்டேன். "யார் இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டு உடனே திறக்காமல் காத்திருங்கள், குழந்தை உங்கள் முகத்தையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்க்கும். பலர் அந்த இடைவெளியை விடாமல் வேகமாகத் திறந்து காட்டிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பாப்பாவுக்கு 10 மாதம். தொடங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஃபெல்ட் துணி மடிப்பு நல்லதா?

பதில்: எளிதில் கிழியாது. ஆனால் எச்சிலில் நனைந்தால் உலர நேரமெடுக்கும். விரித்து வைத்துக் காயவிடுங்கள்.

கேள்வி: என் மகன் மடிப்பின் துண்டைக் கடித்து விழுங்கிவிட்டான். என்ன செய்வது?

பதில்: குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடமன்று. இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: திறந்தால் சத்தம் வரும் புத்தகம் வாங்கலாமா?

பதில்: பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தால் மட்டும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.