எலுமிச்சை மஞ்சளானால் கறிவேப்பிலையை வெட்ட வேண்டுமா?

கேள்வி: ஐயா, புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சையும் லீமாவ் கஸ்தூரியுமாக எட்டு மரங்கள் நிற்கின்றன. இரண்டில் இலை மஞ்சளாகி, காய் சிறுத்துவிட்டது. லோரியில் கன்று விற்க வந்தவர், இது கிரீனிங் நோய், மாமியார் வைத்த கறிவேப்பிலையிலிருந்துதான் வந்தது, அதை வெட்டிவிட்டு எலுமிச்சைகளுக்கு ஊசி போட வேண்டும், மரத்துக்கு 80 வெள்ளி என்கிறார். விவசாய இலாகாவுக்குச் சொன்னால் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார்களாம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஊசியை மறந்துவிடுங்கள், அம்மா. கிரீனிங் என்பது எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் கிருமி நோய். அது வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்களே என்று அவர் ஃபோனில் வீடியோ காட்டக்கூடும். போடுகிறார்கள்தான். அது நோயை அடக்கி வைக்கும், போக்காது.

உங்கள் மரத்துக்கு அந்த நோய்தானா என்பதே இன்னும் தெரியாது. மஞ்சள் இலை ஒன்றைப் பறித்து, நடுநரம்புக்கு இரு பக்கமும் ஒரே இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒத்துப்போனால் பெரும்பாலும் சத்துக் குறைவு. உரம் போட்டால் தேறும். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் திட்டுத்திட்டாக மஞ்சள், காயும் கோணலாக, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். லோரியிலிருந்து இறங்காமலே நோயின் பெயர் சொல்பவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை.

இனி கறிவேப்பிலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் பாதி உண்மை கலந்திருக்கிறது. நோயைப் பரப்புவது சைலிட் என்ற பூச்சி. எள்ளளவுதான்; வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். எலுமிச்சைக் கொழுந்தில் முட்டையிடுவதுபோலவே கறிவேப்பிலைக் கொழுந்திலும் இடும், குஞ்சு பொரித்து வளர்க்கும். ஆனால் நோய்க்கிருமி கறிவேப்பிலையில் குடியேறுவதில்லை. அதில் வளர்ந்த பூச்சி சுத்தமாகத்தான் கிளம்புகிறது. நோயுள்ள எலுமிச்சையின் கொழுந்தில் பிறந்து வளர்ந்ததுதான் பெரும்பாலும் கிருமியைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். ஆகவே கறிவேப்பிலை பூச்சிக்குத் தொட்டில். நோயின் ஊற்று எலுமிச்சைதான். தொட்டிலை உடைத்துவிட்டு ஊற்றை வைத்துக்கொண்டால் என்ன பயன்? கறிவேப்பிலைக்கு உறவான கெமுனிங் செடியைப் பக்கத்து வீட்டில் வேலியாக வைத்திருந்தால், அதிலும் அதே பூச்சி வளரும். அதை யாரும் குற்றம் சொல்வதில்லை, வேலி அழகாக இருக்கிறதல்லவா!

பூச்சியைவிட வேகமாகப் போவது லோரி. ஃபுளோரிடாவில் 1998இல் இந்தப் பூச்சியைக் கண்டார்கள். கடைகளுக்குப் போன கெமுனிங் தொட்டிகளில் ஏறி அது மாநிலம் முழுவதும் பரவியது. 2005இல் நோய் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. நோய் வந்த மரத்திலிருந்து பதியன் போட்டாலும் ஒட்டுக் கட்டினாலும் நோய் கூடவே வரும், அதுவும் சில மாதமோ சில ஆண்டோ வெளியே தெரியாமல். ஆகவே “சர்ட்டிபிகேட் கன்று” என்றால் தாய்மரம் எங்கே, யார் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் விலையைக் குறைப்பார். சீனப் பெருநாள் முடிந்து சாலையோரத்தில் வீசிய கஸ்தூரித் தொட்டிகளை எடுத்து வந்து நடுகிறோமே, அதையும் விட்டுவிடுங்கள். பினாங்கு பாலத்தைப் பூச்சி பறந்து கடக்க வேண்டியதில்லை, நாமே காரில் ஏற்றி விடுகிறோம்.

இலாகாவுக்குச் சொல்லத்தான் வேண்டும். நோயுற்ற செடியை அழிக்கச் சொல்லும் அதிகாரம் மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதிகாரி யாரும் 80 வெள்ளி கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பதில்லை. வருபவர் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கிளையை வெட்டிப் பையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பூச்சியும் கூடவே பயணம் செய்யும். முழு மரம், இலையின் இரு பக்கம், காய், எல்லாவற்றையும் படமெடுத்து மாவட்ட விவசாய அலுவலகத்தில் காட்டி, நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் கேளுங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் நான் முறைப்படி மூடிக் கொடுத்த இலைப் பை மூன்று வாரம் மேசையில் கிடந்து கறுத்துப்போனது. படிவத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். இப்படித்தான் நோயின் மாநில வரைபடம் தயாராகிறது: யாராவது விடாமல் கேட்ட இடத்தில் மட்டும் ஒரு புள்ளி விழும், கேட்காத குடியிருப்புத் தாமான்களெல்லாம் “நோயற்ற பகுதி”.

முடிவு நோய் என்று வந்தால் அந்த இரண்டு மரத்தையும் எடுத்துவிடுங்கள். முதலில் பூச்சிமருந்து தெளித்து, பிறகுதான் வெட்ட வேண்டும். தெளிக்காமல் ரம்பத்தை வைத்தால் பூச்சியெல்லாம் கிளம்பி மற்ற ஆறு மரங்களில் போய் உட்காரும்.

மாமியாரின் மரம் நிற்கட்டும். கொழுந்தைத் திருப்பிப் பார்த்து, வெள்ளை இழைபோல மெழுகு தெரிந்தால் அந்தக் கொழுந்தை மட்டும் கிள்ளிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். ரசத்துக்கு இலையைக் கழுவித் தாராளமாகப் போடலாம். ஈப்போ உறவினருக்குக் கன்று மட்டும் வேண்டாம். ஊரிலிருந்து வருபவர்களிடம் கறிவேப்பிலைக் கொத்து கேட்கவும் வேண்டாம்: 2009இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பையைத் துப்பறியும் நாய் முகர்ந்து பிடித்தது. உள்ளே கறிவேப்பிலை, அதில் நோய்க்கிருமியோடு அதே சைலிட்; எங்கோ நோயுள்ள எலுமிச்சையில் கிருமியை ஏற்றிக்கொண்டு கறிவேப்பிலையில் வந்து உட்கார்ந்ததாக இருக்கும்.