ஷிரிதோரி (ஜப்பானியச் சொற்சங்கிலி ஆட்டம்) கரோகேவுக்கு ஜே-பாப் பாடல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தலைப்பு முடியும் எழுத்தைப் பார்த்துத்தான். முந்தைய பாட்டின் தலைப்பு எந்தக் கானா (ஜப்பானிய அசையெழுத்து) எழுத்தில் முடிகிறதோ, அதில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் பாட வேண்டும். நம்ம பாட்டுக்குப் பாட்டு மாதிரிதான், ஆனால் தலைப்பு மட்டுமே கணக்கு. 'ன்'னில் முடித்தால் ஆட்டம் காலி. அதனால் யோனெசு கென்ஷியின் 'லெமன்' (2018), ஸ்பிட்ஸின் 'ராபின்சன்' (1995) எவ்வளவு பிடித்தாலும் தொடாதீர்கள்.

ஒரு சங்கிலி சொல்கிறேன். ஆரஞ்ச் ரேஞ்சின் 'ஹானா' 'ந'வில் முடியும். நட்சுகாவா ரிமியின் 'நாதா சோசோ' எடுக்கலாம். கானாவில் அது 'உ'வில் முடிவதால், சகாமோட்டோ கியூவின் 'உஎ ஒ முயிதே அருகோ' (1961) கைகொடுக்கும். அதுவும் 'உ'தான். இப்போது பீஸ் (B'z) இசைக்குழுவின் 'அல்ட்ரா சோல்' (ஜப்பானியத்தில் 'உருதோரா சோரு') போட்டால், அடுத்தவர் 'ரு'வில் மாட்டுவார். 'ரு' பாட்டுகள் அபூர்வம். சட்டென்று நினைவுக்கு வரும் 'ரூஜு நோ தெங்கோன்' (1975) 'ன்'னில் முடிந்து காலை வாரிவிடும்! தெராவோ அகிராவின் 'ரூபி நோ யுபிவா'வை (1981) கட்டாயம் பழகி வையுங்கள், அது 'வ'வில் பத்திரமாக முடியும்.

'ப்ரிடெண்டர்' (ஜப்பானியத்தில் 'புரிதெந்தா') போல நெடிலில் முடியும் தலைப்புகளுக்கு 'த'வா 'அ'வா என்று முதல் பாட்டுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.