சூடு கொடுத்தால் கட்டி கரையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காய்ச்சல் வந்தால் புற்றுக்கட்டி கரையும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், வில்லியனூர்)

இந்தப் பேச்சு சும்மா வந்ததல்ல. கடுமையான தோல் தொற்றும் காய்ச்சலும் வந்து போன ஒருவருக்குக் கட்டி மறைந்ததை அறிந்த நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, 1891இல் கிருமிகளையே நோயாளிகளுக்கு ஊசியாகப் போட ஆரம்பித்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, சிலருக்கு உயிரே போனது. அங்கே வேலை செய்தது சூடு மட்டுமல்ல. தொற்று வந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லச் சுரக்கும் புரதங்களுக்கும் அதில் பங்கு உண்டு. இன்டர்ஃபெரான், இன்டர்லூகின், டிஎன்எஃப் எல்லாம் அந்த வகைதான்.

இந்த நோய் எதிர்ப்புப் புரதங்களோடு சூட்டையும் சேர்த்துத் தரும் சிகிச்சை உண்டாமே? என் தம்பிக்குத் தொடையில் சதைப் புற்று. காலை எடுக்கவேண்டி வரலாம் என்கிறார்கள். (வாசகி, நெல்லிக்குப்பம்)

உண்டு, அதுவும் உங்கள் தம்பிக்கு வந்திருப்பது போன்ற நோய்க்கே. டிஎன்எஃப்பை உடல் முழுக்கச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் காலின் ரத்த ஓட்டத்தை மட்டும் கட்டுப்போட்டுப் பிரித்து, இதய அறுவையில் பயன்படும் பம்ப் போன்ற கருவியோடு இணைப்பார்கள். ரத்தத்தை 38 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் சூடாக்கி, டிஎன்எஃப்பையும் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தையும் ஓடவிடுவார்கள். மருந்து உடலுக்குள் கசிகிறதா என்று கடைசிவரை கண்காணிப்பார்கள். முடிந்ததும் காலின் ரத்தக்குழாய்களில் மிஞ்சிய மருந்தைக் கழுவி வெளியேற்றி, பழையபடி ரத்தக்குழாயை இணைப்பார்கள். கட்டிக்குள் போகும் ரத்தக்குழாய்களை டிஎன்எஃப் சிதைக்கிறது. கட்டி சுருங்கியபின் காலை எடுக்காமலே கட்டியை மட்டும் அகற்ற முடிந்தவர்கள் நிறைய. ஐரோப்பாவில் 1999இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

எல்லா ஊரிலும் செய்வதில்லை, எல்லாருக்கும் பொருந்தாது. ஆனாலும் காலை எடுக்கச் சம்மதம் தரும் முன் ஜிப்மர் போன்ற பெரிய மையத்தில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். "காலைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வீட்டிலேயே ஆவிக்குளியல், வெந்நீர் ஒத்தடம் செய்யலாமா? (வாசகர், முத்தியால்பேட்டை)

புற்றுநோய்க்காக என்றால் வேண்டாம். கத்திரி வெயிலிலும் வியர்த்து 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும் உடம்பு இது. ஒத்தடச் சூடு உள்ளே இருக்கும் கட்டிக்குப் போய்ச் சேராது. சில கீமோ மருந்துகளால் கால் மரத்துப்போயிருந்தால் தோல் வெந்தாலும் தெரியாது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் சூடு வைக்கவே கூடாது.

அம்மாவுக்குக் கீமோ முடிந்த அடுத்த வாரம் காய்ச்சல். நல்ல அறிகுறி என்று விட்டுவிடலாமா? (வாசகி, பண்ருட்டி)

கூடவே கூடாது. கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல் ரத்தத்தில் தொற்று பரவுவதாக இருக்கலாம், சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். கடைசிக் கீமோ எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதை உள்ளே போனதும் முதலில் சொல்லுங்கள்.