மேடிசன் ஃபீல்ட் ஹவுஸில் வாலிபால் பார்க்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் அணியின் ஆட்டங்களைப் பதினோரு சீசனாக அவர்களுடைய உள்ளரங்கமான ஃபீல்ட் ஹவுஸில் உட்கார்ந்து பார்த்துவருகிறேன். பள்ளி நாட்களில் நான் வாலிபால் லிஃப்டர், அதாவது சக வீராங்கனை அடிப்பதற்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவள். மேடிசனுக்குப் புதிதாகப் படிக்க வந்திருப்பவர்களும், சிகாகோ, மில்வாக்கி பக்கமிருந்து ஒரு நாள் வந்துபோக நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

அக்கா, முதல் தடவை வருகிறேன். எங்கே உட்கார்ந்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும்?

தம்பி, ஆட்டத்தில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்தின் வேகம் வேண்டுமென்றால் கீழ் அடுக்கில், பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி. ஒரு ஸ்மாஷ் தரையில் விழும் சத்தம் அங்கே நெஞ்சுக்குள் கேட்கும். ஆட்டம் புரிய வேண்டுமென்றால் கோர்ட்டின் தலைமாட்டில், எண்ட் லைனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமாக உட்காருங்கள். லிஃப்டர் பந்தை எந்தப் பக்கம் விடப்போகிறாள், நெட்டருகே கை உயர்த்தித் தடுக்கும் எதிரணியின் பிளாக் எங்கே அரை அடி பிந்துகிறது, அந்த இடைவெளியை அடிப்பவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள், எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். பக்கவாட்டில் இருந்தால் அடி மட்டும் தெரியும், அதற்கு முன்னால் நடந்த யோசனை தெரியாது.

எங்கே உட்கார்ந்தாலும் ஒன்று. கீழ் வரிசைகளில் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஃபோனைப் பார்க்காதீர்கள். வேறொரு ஊர்க் கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் செய்தி படிக்கக் குனிந்தார், நிமிர்வதற்குள் மூக்குக்கண்ணாடி இரண்டாகப் போனது.

டிக்கெட் எப்படி வாங்குவது?

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இணையதளத்தில். பெரும்பாலான இருக்கைகள் சீசன் டிக்கெட்காரர்களிடம் போய்விடும். தனி ஆட்டத்துக்கு மிஞ்சுவது குறைவு, விற்பனை தொடங்கும் நாளிலேயே பாருங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆட்டங்களுக்குக் கிடைப்பது எளிது. விஸ்கான்சின் இருக்கும் பல்கலைக்கழக லீக்கான பிக் டென்னின் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் சிரமம்.

ஆண்கள் ஆட்டம் எப்போது?

இங்கே பல்கலைக்கழக அணி பெண்களுக்கு மட்டும்தான். ஆண்கள் ஆட்டமும் பழைய கூடமும் சேர்ந்து வேண்டுமென்றால் பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரெக் ஹால் போங்கள். 1929-ல் திறந்தது, இரண்டு அணிகளும் அங்கே ஆடுகின்றன.

இந்தக் கட்டடத்துக்கு அப்படி என்ன சரித்திரம்?

கேட்டதற்கு நன்றி. 1930-ல் திறந்தது. மாநிலக் கட்டடக் கலைஞராக இருந்த ஆர்தர் பீபாடியின் காலத்து வேலை. கேம்ப் ராண்டல் என்ற அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தின் தெற்குத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கேம்ப் என்ற சொல் சும்மா வந்ததில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சுமார் 70,000 வீரர்கள் பயிற்சி எடுத்த முகாம் அந்த மைதானம். 1941-ல் தேசியப் பட்டம் வென்ற ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஃபீல்ட் ஹவுஸ்தான் சொந்தக் கூடம். 1998-ல் அவர்கள் புதிதாகக் கட்டிய கோல் சென்டருக்குப் போனார்கள். அதே ஆண்டு இந்தக் கட்டடம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இதைக் கட்டியபோது இந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இப்படி ஓர் அணி கிடையாது. கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொன்ன டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வந்தது, இங்கே முறையான பெண்கள் அணிகள் 1974-ல் தொடங்கின. ஆண்களுக்காகக் கட்டிய கூடம் இன்று முக்கியமாகப் பெண்கள் வாலிபாலால் நிறைகிறது. மல்யுத்தப் போட்டிகளும் நடக்கின்றன. ஆனால் ஊரில் ஃபீல்ட் ஹவுஸ் என்றால் வாலிபால்தான் நினைவுக்கு வரும்.

அங்கே ஒரு குத்துச்சண்டை வீரர் இறந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சார்லி மோர். முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியன், விஸ்கான்சின் மாணவர். 1960 ஏப்ரல் 9 அன்று தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதிச் சுற்று இதே கூடத்தில் நடந்தது. அவருடைய ஆட்டம் இரண்டாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டது. நடந்துதான் உள்ளே போனார், உடை மாற்றும் அறையில் சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. எட்டாம் நாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு கல்லூரிகளுக்கான தேசியக் குத்துச்சண்டைப் போட்டி நடக்கவே இல்லை. அந்த நாட்களில் விஸ்கான்சின்தான் அந்த விளையாட்டின் பெரிய பெயர், ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். கூடத்துக்குள் நுழையும்போது ஒரு நிமிடம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன்.

டிக்கெட் வாசலில் கிடைக்குமா?

டிக்கெட் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். வாசலை நம்பி வராதீர்கள்.

வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட ஊரில கரப்பந்தாட்டம்தான் எல்லாம். அங்க விதிகள் வேறயோ?

வாங்க தம்பி. இலங்கையின் தேசிய விளையாட்டே அதுதானே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது! அடிப்படை ஒன்றுதான்: நாலு செட் 25 புள்ளி, ஐந்தாவது 15. பெண்களுக்கு நெட் உயரம் 2.24 மீட்டர். வேறுபாடு ஆள் மாற்றுவதில். சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றம், இங்கே பதினைந்து. அதனால் பின்வரிசைக்கென்றே தனி ஆட்கள் வந்துபோவார்கள். பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ இங்கே சுழற்சியில் ஓர் இடத்தில் சர்வீஸும் போடலாம்.

2024-லிருந்து இன்னொன்று. இரண்டாவது தொடுகையில் லிஃப்டர் கையில் பந்து இரட்டையாகப் பட்டாலும், பந்து தன் பக்கமே இருந்தால் விசில் கிடையாது. ஆட்டம் தடைபடாமல் ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து விரலும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட வேண்டும் என்று விடியற்காலையில் சுவரில் அடித்து அடித்துப் பழகியவள் நான். எனக்கு இது பிடிக்கவில்லை.

கோல் சென்டர் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இந்தப் பழைய கூடத்தில் ஏன் ஆட வேண்டும்? 2022-ல் ஃபுளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு அங்கே 16,833 பேர் வந்தார்களே!

வந்தார்கள். நானும் போயிருந்தேன், மகிழ்ச்சியாக இருந்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம் அப்படி நடக்கட்டும். ஆனால் வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், கூடைப்பந்து மைதானத்தில் பாதிக்கும் குறைவு. அதை அத்தனை பெரிய அரங்கத்தின் நடுவில் வைத்தால் மேலே இருப்பவருக்கு லிஃப்டரின் மணிக்கட்டு தெரியாது. ஃபீல்ட் ஹவுஸில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். இரண்டு அடுக்கும் கோர்ட்டின்மேல் கவிந்து நிற்கின்றன. செட் கடைசியில் 23-23 என்று வரும்போது எழும் சத்தம் வெளியே போக வழியில்லாமல் கல் சுவரில் மோதித் திரும்பி, சர்வீஸ் போடுகிற பெண்ணின் காதில் விழுகிறது. எதிரணி டைம் அவுட் கேட்பதே பாதி இந்தச் சத்தத்தால்தான்.

அதே ஆள் மறுபடி: நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 2013-ல் பழைய கொலீசியத்தை விட்டுப் பெரிய டெவானி சென்டருக்குப் போனது. 2015, 2017 தேசியப் பட்டம் ஜெயித்தார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லையே?

நல்ல வாதம், ஆனால் பாதிதான் சொன்னீர்கள். டெவானி சென்டர் கூடைப்பந்துக்காகப் பதின்மூன்றாயிரம் பேருக்குமேல் உட்காரக் கட்டிய இடம். வாலிபாலுக்காக அதைச் சுமார் எட்டாயிரமாகக் குறைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். 2023-ல் கால்பந்து அரங்கத்தில் 92,003 பேரைக் கூட்டிய ஊர் அது. அவர்களே தினசரி ஆட்டத்துக்குச் சுவர்களைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

மில்வாக்கியிலிருந்து இன்னொருவர்: ஆனால் டிக்கெட் கிடைக்காத எங்களைப் போன்றவர்களின் நிலை?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, நீங்கள் சொல்வது நியாயம். ஒரு மாணவி மூன்று வருடம் முயன்று ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனாள், எனக்கு வருத்தமாக இருந்தது. வர முடியாத ஆட்டங்களின் டிக்கெட்டை மறுவிற்பனையிலாவது போடுங்கள், இருக்கையைக் காலியாக விடாதீர்கள் என்று சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களை எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அதற்காகக் கூடத்தையே விட்டுவிட வேண்டும் என்றால் சம்மதிக்க மாட்டேன்.

காரை எங்கே நிறுத்துவது?

ரீஜென்ட் தெரு, மன்ரோ தெரு மூலையில் சுற்றிச் சுற்றித் தேடாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், அல்லது பஸ். வருவதற்கு முன் அன்றைக்குக் கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் காரே வேண்டாம்.

என் மகளுக்குப் பதினான்கு வயது, நன்றாக ஆடுகிறாள். வாலிபால் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

அது என் துறை இல்லை. அவளுடைய பயிற்சியாளரையும் பள்ளி ஆலோசகரையும் கேளுங்கள். ஆனால் ஆட்டத்துக்குக் கட்டாயம் கூட்டி வாருங்கள், தலைமாட்டில் உட்கார வையுங்கள்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

இது மூன்றாவது தடவை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையைக் கூட்டி வரலாமா?

வரலாம். காதுக்கு ஒலி தடுக்கும் மஃப் மாட்டிவிடுங்கள், பேண்ட் வாத்தியம் பக்கத்தில் உட்காராதீர்கள். கூட்டம் நிறைந்தால் உள்ளே வெக்கை, நவம்பரில் வெளியே கடும் குளிர், அதனால் கழற்றி மாட்ட வசதியான துணி போடுங்கள். மூன்று செட்டில் முடிந்தால் ஒன்றரை மணி நேரம், ஐந்துக்குப் போனால் இரண்டரை. குழந்தையோடு கீழ் வரிசை வேண்டவே வேண்டாம். ஃபோன் பையிலேயே இருக்கட்டும்.

கோல் சென்டர் நண்பர் கடைசியாக: சரி அக்கா, ஒரு தடவை ஃபீல்ட் ஹவுஸ் வந்து பார்க்கிறேன். அப்புறமும் இதையே சொன்னால்?

சொல்லுங்கள், கேட்கிறேன். அக்டோபரில் வாருங்கள். எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஊரில் இல்லாத நாள் ஒன்று வரும், அவரிடம் கேட்டு அந்த டிக்கெட்டை உங்களுக்கு வாங்கித் தருகிறேன்.